வாசித்த வசனமே பிரசங்கமாக வேண்டும்

வேதபாடம்: நெகேமியா 8:1–12, லூக்கா 4:14–30

ஞாயிறு ஆராதனையில் வேதபாடங்கள் வாசிக்கப்படுகின்றன. பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு பகுதி, நிருபங்களிலிருந்து ஒரு பகுதி, சுவிசேஷத்திலிருந்து ஒரு பகுதி, இடையே ஒரு சங்கீதம். வாசித்தவர் வேதாகமத்தை மூடிவிட்டுத் தம் இடத்திற்குத் திரும்புகிறார். பின்பு பிரசங்கியார் பீடத்தில் நிற்கிறார். அதுமுதல் சபையார் கேட்பது சற்றுமுன் வாசிக்கப்பட்ட வசனத்தின் பொருளா, அல்லது பிரசங்கியாரின் மனதில் முன்னமே இருந்த வேறொரு காரியமா? ஒரு சபையின் ஆவிக்குரிய ஆரோக்கியம் பெரிதும் இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தது.

வசனத்தை முகவுரையில் ஒருமுறை சொல்லிவிட்டு, அதன்பின் அதைத் திரும்பிப் பாராமல் போவது எளிது. சபைக் கூட்டத்தில் ஏற்பட்ட மனவருத்தம், காலையில் படித்த செய்தி, வேறோர் ஊரில் பேசிப் பாராட்டுப் பெற்ற பழைய பிரசங்கம் ஆகிய யாவும் வசனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கின்றன. ஆறு நாள் உழைத்துக் களைத்து வந்து அமர்ந்திருக்கும் பலருக்கு, அந்த வாரத்தில் வேதம் விளக்கப்படும் வேளை அது ஒன்றே. அதையும் மனித அபிப்பிராயம் எடுத்துக்கொண்டால் அவர்கள் பசியோடு வீடு திரும்புவார்கள். ஆகவே வேதபாடங்களிலிருந்து பிரசங்கத்தை ஆயத்தம் செய்யும் முறையை ஒவ்வொரு போதகரும், உபதேசியாரும், பணித்தள ஊழியரும் கற்றுக்கொள்வது அவசியம்.

1. வாசிப்பும் விளக்கமும்: திருச்சபையின் பழைய வழக்கம்

வேதத்தை வாசித்து உடனே விளக்குவது புதிதாகத் தோன்றிய முறை அன்று. எருசலேமின் தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் ஏழாம் மாதத்தின் முதல் நாளில் ஜனங்கள் கூடினார்கள். எஸ்றா மரத்தினால் செய்யப்பட்ட பீடத்தின்மேல் நின்று, விடியற்காலம்முதல் நண்பகல்வரை நியாயப்பிரமாணத்தை வாசித்தான். புருஷரும் ஸ்திரீகளும், கேட்டு அறியத்தக்க யாவரும் அங்கே இருந்தார்கள். லேவியர்கள் வாசிக்கப்பட்டதன் அர்த்தத்தை ஜனங்களுக்கு உணர்த்தினார்கள். நெகேமியா 8:8 மூன்று செயல்களைக் குறிப்பிடுகிறது: தெளிவாக வாசித்தல், பொருளைச் சொல்லுதல், கேட்பவர் விளங்கிக்கொள்ளும்படி செய்தல். பிரசங்க ஆயத்தத்தின் முழு இலக்கணமும் இந்த மூன்றில் அடங்கியிருக்கிறது.

அந்த வசனத்தில் வரும் எபிரெயச் சொல் தெளிவாக வாசிப்பதையும் குறிக்கலாம், பகுதி பகுதியாக மொழிபெயர்த்துச் சொல்வதையும் குறிக்கலாம். வேதத்தை அரமேய மொழியில் விளக்கும் வழக்கத்தின் தொடக்கத்தை யூத மரபு இங்கேயே கண்டது. சபையில் ஒரு மொழியில் வாசித்து, வீட்டில் பேசும் வேறொரு மொழியில் பொருள் சொல்லவேண்டிய பணித்தளங்கள் இந்தியாவெங்கும் உண்டு. அங்கு ஊழியம் செய்கிறவர்கள் அந்த லேவியரின் வேலையையே செய்கிறார்கள்.

ஜெப ஆலயங்களிலும் இதே ஒழுங்கு நிலவியது. பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனமும் வாசிக்கப்பட்ட பின்னரே பவுலுக்குப் பேசும் வாய்ப்புக் கிடைத்தது (அப்போஸ்தலர் 13:15). பொது வாசிப்பையும் புத்திசொல்லுதலையும் உபதேசத்தையும் பவுல் தீமோத்தேயுவுக்கு ஒரே மூச்சில் கட்டளையிடுகிறார் (1 தீமோத்தேயு 4:13). ஏறக்குறைய கி.பி. 155-இல் ரோமாபுரியில் எழுதிய யுஸ்தீன் என்னும் இரத்தசாட்சி, கிறிஸ்தவர்களின் ஞாயிறு கூடுகையை விவரிக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துக்களோ நேரம் அனுமதிக்கும் அளவு வாசிக்கப்பட்டன. வாசிப்பவர் நிறுத்தியபின், கேட்ட நற்காரியங்களின்படி நடக்கும்படி சபைத் தலைவர் புத்திசொன்னார். அந்தக் கூடுகையில் சேர்ந்த காணிக்கையால் அநாதைகளும் விதவைகளும் ஆதரிக்கப்பட்டதையும் யுஸ்தீன் குறிப்பிடுகிறார். வாசிப்பு விளக்கமாயிற்று; விளக்கம் கிரியையாயிற்று.

2. பாட அட்டவணை: பயனும் எல்லையும்

எந்த ஞாயிற்றில் எந்தப் பகுதியை வாசிப்பது என்பதைப் பல திருச்சபைகள் முன்னரே ஒழுங்குபடுத்தியிருக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம், வேதத்தின் பொக்கிஷங்கள் விசுவாசிகளுக்குத் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அதன் பயனாகக் கத்தோலிக்கத் திருச்சபை 1969-இல் மூன்று ஆண்டுச் சுற்றுள்ள வாசக நூலை வெளியிட்டது. முதலாண்டில் மத்தேயு, இரண்டாமாண்டில் மாற்கு, மூன்றாமாண்டில் லூக்கா முதன்மை பெறுகின்றன. யோவான் சுவிசேஷம் சிறப்பாகத் தபசுகாலத்திலும் உயிர்த்தெழுதலின் காலத்திலும் வாசிக்கப்படுகிறது. இதைத் தழுவிச் சீர்திருத்தத் திருச்சபைகள் பலவும் சேர்ந்து 1983-இல் ஒரு பொது அட்டவணையை உருவாக்கின. அது திருத்தப்பட்டு 1992-இல் வெளிவந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் அட்டவணையில் பாடங்களோடு ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு தலைப்பும் கொடுக்கப்படுகிறது.

அட்டவணையினால் வரும் முதல் நன்மை, பிரசங்கியார் தமக்குப் பிடித்த பத்து வசனங்களுக்குள்ளேயே சுற்றிவர முடியாது என்பதாகும். தாம் தவிர்க்க விரும்பும் பகுதியும் ஒருநாள் அவர் முன்னால் வந்து நிற்கும். இரண்டாவது, தம் கோபத்துக்கு ஏற்ற வசனத்தைத் தேடிப் பிடிக்கும் சோதனையிலிருந்து அது அவரைக் காக்கிறது.

அட்டவணை இல்லாத சபைகளில் ஒரு வேதப்புத்தகத்தைத் தொடர்ச்சியாக விளக்குவதால் இதே நன்மை கிடைக்கும். ஜெனீவா நகரம் 1538-இல் ஜான் கால்வினை வெளியேற்றியது. 1541 செப்டம்பரில் அதே நகரம் அவரைத் திரும்ப அழைத்தது. அவர் மீண்டும் பீடத்தில் நின்றபோது, தமக்கு இழைக்கப்பட்டதைப்பற்றிப் பேசுவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். அவரோ தம் ஊழியத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் மட்டும் சொல்லிவிட்டு, மூன்று ஆண்டுகளுக்குமுன் எந்த இடத்தில் விளக்கத்தை நிறுத்தினாரோ அந்த இடத்திலிருந்தே தொடர்ந்தார். பீடம் தம்முடையதல்ல, வசனத்தினுடையது என்பதை அவர் அந்த ஒரே செயலால் காட்டிவிட்டார்.

அட்டவணைக்கு எல்லையும் உண்டு. நேரத்தைக் கருதி அது பகுதிகளை வெட்டுகிறது, சில வசனங்களைத் தாண்டிச் செல்கிறது. தலைப்புக் கொடுக்கப்பட்ட இடத்தில், பிரசங்கியார் தலைப்பைமட்டும் பேசிவிட்டுப் பகுதியை மறந்துவிடும் அபாயமும் இருக்கிறது. தலைப்பு வாசற்படி போன்றது. படியிலேயே நின்றுவிடுகிறவர் வீட்டுக்குள் இருப்பதைக் காண்பதில்லை.

3. ஓர் உதாரணம்: 2025 ஜனவரி 26

முறையை விளங்கிக்கொள்ள ஓர் உண்மையான ஞாயிற்றை எடுத்துக்கொள்வது நலம். 2025-இல் ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. கத்தோலிக்க வாசக நூலும் 1992-இன் பொது அட்டவணையும் அந்த ஞாயிற்றுக்கு ஏறக்குறைய ஒரே பாடங்களைக் கொடுத்திருந்தன: நெகேமியா 8-ஆம் அதிகாரத்தின் முற்பகுதி, 19-ஆம் சங்கீதம், 1 கொரிந்தியர் 12-இன் பிற்பகுதி, லூக்கா 4:14–21. அன்று நம் தேசத்தின் குடியரசு தினம். கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது யூபிலி ஆண்டில் வந்த நாளாகவும், 2019-இல் ஏற்படுத்தப்பட்ட இறைவார்த்தை ஞாயிறாகவும் இருந்தது. இத்தனை காரியங்கள் ஒரே நாளில் கூடினால் எதைப் பேசுவது என்று பிரசங்கியார் திகைப்பது இயல்பு. ஆனால் ஆயத்தம் நாட்காட்டியிலிருந்து அல்ல, வசனத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

4. முதற்படி: பேசுவதற்குமுன் கேட்பது

திங்கட்கிழமையே பாடங்கள் அனைத்தையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண் தாண்டிச் செல்லும் சொல்லில் நாவு தடுக்கி நிற்கும். ஒரே பகுதியை இருவேறு மொழிபெயர்ப்புகளில் வாசிப்பது மிகுந்த பயன் தரும். சபைகளில் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழைய தமிழ் வேதாகமத்தையும், கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். வேறு மாநிலத்தில் ஊழியம் செய்வோர் தாங்கள் பிரசங்கிக்கும் மொழியின் வேதாகமத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொற்கள் வேறுபடும் இடங்களில் ஒரு கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வியைக் குறித்துவைக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் வியாக்கியான நூலைத் திறக்கலாகாது. கைபேசியில் நொடிப்பொழுதில் ஆயத்தப் பிரசங்கம் கிடைக்கும் காலம் இது. கணினிச் செயலியே ஒரு பிரசங்கத்தை எழுதித் தந்துவிடும். அதில் பிழையில்லாமலும் இருக்கலாம். ஆனால் அதைப் பேசுகிறவர் வசனத்தின்முன் ஒரு மணி நேரமும் அமர்ந்திருக்கவில்லை. தாம் கேளாததை அவர் மற்றவர்களுக்கு எப்படி உரைப்பார்? லூக்கா தம் சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களில், எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து அறிந்து ஒழுங்காக எழுதத் தீர்மானித்ததாகச் சொல்கிறார். ஆவியானவரின் ஏவுதல் லூக்காவின் விசாரணையை நீக்கிவிடவில்லை. ஆவியானவரைச் சார்ந்திருப்பதாகச் சொல்லி ஆயத்தத்தை விட்டுவிடுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

5. இரண்டாம் படி: பகுதியை ஆராய்வது

அடுத்து, பகுதியை நோக்கி நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

அ) இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? நெகேமியா 8-க்கு முன்னே, 5-ஆம் அதிகாரத்தில், அதே எருசலேமின் ஏழைகள் பஞ்சத்தினால் நிலங்களை அடகுவைத்துப் பிள்ளைகளை அடிமைகளாக்க நேர்ந்த துயரம் சொல்லப்படுகிறது. அதை அறிந்தவருக்கு, பண்டிகை கொண்டாடச் சொன்ன தலைவர்கள் ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பும்படி சேர்த்துச் சொன்னதன் காரணம் விளங்கும். சந்தோஷத்தில் பங்கில்லாத வீடு ஒன்றும் இருக்கலாகாது என்பதே அந்த நாளின் பிரமாணம்.

ஆ) அட்டவணை எதை விட்டுவிட்டது? அன்றைய நெகேமியா பாடம் 10-ஆம் வசனத்தில் முடிகிறது. 4-ஆம் 7-ஆம் வசனங்களையும் முழுமையாகத் தருவதில்லை. அந்த வசனங்களில் இருப்பவை பெயர்கள். எஸ்றாவின் வலப்பக்கத்தில் ஆறுபேர், இடப்பக்கத்தில் ஏழுபேர், ஜனங்களுக்கு விளக்கிய பதின்மூவர். வாசிப்பதற்குக் கடினமான அந்தப் பெயர்கள் நீங்கும்போது, வேதத்தை விளக்கும் வேலை ஒருவனுடையது அல்ல, பலருடையது என்னும் உண்மையும் நீங்கிவிடுகிறது. ஜனங்கள் சந்தோஷத்தோடு புறப்பட்டுப் போனது தங்களுக்குச் சொல்லப்பட்டதை விளங்கிக்கொண்டதினால்தான் என்று கூறும் 12-ஆம் வசனமும் பாடத்துக்கு வெளியே நிற்கிறது.

லூக்காவில் இழப்பு இன்னும் பெரிது. பாடம் 21-ஆம் வசனத்தில், எல்லாருடைய கண்களும் இயேசுவை நோக்கியிருக்கும் மகிழ்ச்சியான வேளையில் நிற்கிறது. அதன்பின் அவர் சீதோன் நாட்டு சரெப்தாவின் விதவையையும் சீரியனாகிய நாகமானையும் நினைவூட்டுகிறார். எலியா இஸ்ரவேலுக்குள் அல்ல, புறத்தாரிடத்திலே அனுப்பப்பட்டதையும், எலிசாவின் காலத்தில் புறத்தானே சுத்தமாக்கப்பட்டதையும் கேட்டவுடன் ஜெப ஆலயத்தார் கோபங்கொண்டு, அவரை மலையின் விளிம்பிலிருந்து தள்ளிவிட முயன்றார்கள். இந்தத் தொடர்ச்சி வழக்கமாக அடுத்த ஞாயிற்றில் வாசிக்கப்படும். ஆனால் 2025-இல் அடுத்த ஞாயிறு பிப்ரவரி 2. குழந்தை இயேசு ஆலயத்தில் ஒப்புக்கொடுக்கப்பட்ட திருநாள் அன்று வந்தபடியால், கத்தோலிக்க ஆலயங்களில் அதற்குரிய பாடம் வாசிக்கப்பட்டது. ஆகவே நாசரேத்தின் கோபம் அந்த ஆண்டு பலருடைய காதிலும் விழவில்லை. பிரசங்கியார் தாமாகவே தொடர்ந்து வாசித்திருந்தால்மட்டுமே, பாராட்டில் தொடங்கிய அந்தப் பிரசங்கம் எங்கே முடிந்தது என்பதை அறிந்திருப்பார்.

இ) இந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன? இயேசு வாசித்தது ஏசாயா 61-இன் தொடக்கம். அதோடு ஒடுக்கப்பட்டோரின் விடுதலையைப்பற்றிய ஒரு வரி ஏசாயா 58:6-லிருந்து இணைந்திருக்கிறது. அந்த 58-ஆம் அதிகாரம், உபவாசம் இருந்துகொண்டே வேலைக்காரரை ஒடுக்குகிறவர்களைக் கடிந்துகொள்ளும் அதிகாரம். ஏசாயா 61:1-இல் விடுதலையைக் குறிக்கும் எபிரெயச் சொல்லே லேவியராகமம் 25:10-இல் யூபிலி வருஷத்தின் விடுதலைக்கும் வருகிறது. மேலும், ஏசாயாவில் அநுக்கிரக வருஷத்தை அடுத்துத் தேவன் பழிவாங்கும் நாள் சொல்லப்படுகிறது. லூக்காவின்படி இயேசுவின் வாசிப்பு அதற்குமுன்னே நிற்கிறது. எங்கே நிறுத்தினார் என்பதும் ஒரு பிரசங்கமே.

ஈ) திரும்பத் திரும்ப வரும் சொல் எது? நெகேமியா 8:9 முதல் 11 வரை, இந்த நாள் பரிசுத்தமானது என்னும் அறிவிப்பு மூன்று வசனங்களிலும் வருகிறது. நாசரேத்தில் இயேசுவின் பிரசங்கமோ ‘இன்று’ என்னும் சொல்லோடு தொடங்குகிறது. லூக்காவில் அந்தச் சொல் மேய்ப்பருக்கு அறிவிக்கப்பட்ட பிறப்பிலும், சகேயுவின் வீட்டிலும், சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கிலும் ஒலிக்கிறது. மேலும் லூக்கா 4:18-இல் விடுதலைக்கு வரும் கிரேக்கச் சொல்லே லூக்கா 24:47-இல் பாவமன்னிப்புக்கும் வருகிறது. ஆத்தும இரட்சிப்பைப் பேசுவதா, ஒடுக்கப்பட்டோரின் நீதியைப் பேசுவதா என்று வழக்காடுகிறவர்களுக்கு லூக்கா அந்த ஒரே சொல்லால் பதில் தருகிறார்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடியபின் வியாக்கியான நூல்களைத் திறக்கலாம். அப்போது அவை பிரசங்கியாரின் ஆராய்ச்சியைச் சோதித்துத் திருத்தும். அதற்குப் பதிலாக வந்து நில்லாது.

6. மூன்றாம் படி: பாடங்களை வலிந்து இணையாதிருப்பது

மூன்று பாடங்களையும் எப்படியாவது ஒரே கயிற்றில் கட்டிவிட வேண்டும் என்று பலர் பிரயாசப்படுகிறார்கள். அட்டவணை அமைந்த விதத்தை அறிந்தால் இந்தப் பாரம் நீங்கும். சாதாரண ஞாயிறுகளில் பழைய ஏற்பாட்டுப் பாடம் பெரும்பாலும் சுவிசேஷத்துக்கு இசைவாகத் தெரிந்தெடுக்கப்படுகிறது. (1992-இன் பொது அட்டவணையில், பெந்தெகொஸ்தேக்குப் பிந்திய காலத்திற்குமட்டும் தொடர் வாசிப்பாகவும் ஒரு வரிசை உண்டு.) நிருபமோ அந்த ஞாயிறுகளில் தன் வழியில் வாரந்தோறும் தொடர்ந்து செல்கிறது. மேற்கண்ட ஞாயிற்றில் நெகேமியாவும் லூக்காவும் வேண்டுமென்றே அருகருகே வைக்கப்பட்டவை. இரண்டிலும் வேதம் ஜனங்களுக்கு முன்னே திறக்கப்படுகிறது. சரீரத்தின் அவயவங்களைப்பற்றிய கொரிந்தியர் பகுதியோ அதற்கு முந்திய வாரத்தின் தொடர்ச்சி.

ஆகவே பிரசங்கியார் ஒரு பாடத்தை மையமாகக் கொள்ள வேண்டும். மற்றொன்று இயல்பாக வெளிச்சம் தந்தால் அதைப் பயன்படுத்தலாம். பலவீனமாய்க் காணப்படும் அவயவங்கள் மிகவும் வேண்டியவை என்னும் பவுலின் போதனை, தரித்திரருக்கான நற்செய்தியைச் சபை வாழ்க்கையில் பொருத்திக்காட்டக் கைகொடுக்கும். கைகொடுக்காத ஞாயிறுகளில் அதை விட்டுவிடுவதில் குற்றமில்லை. விட்டதை வேறொரு நாளில் முழுமையாக விளக்கலாம்.

7. நான்காம் படி: கேட்போரை வசனத்தின்முன் கொண்டுவருவது

வாரத்தின் நடுப்பகுதியில் வேதாகமத்தோடு சபையாரின் முகங்களும் பிரசங்கியாரின் முன்னே இருக்க வேண்டும். வீடுகளைச் சந்திக்கும் ஊழியமும் பிரசங்க ஆயத்தமும் தனித்தனி வேலைகள் அல்ல. வியாதியஸ்தரின் கட்டிலருகே கேட்ட ஒரு வார்த்தை, வேலை இழந்த வாலிபனின் மௌனம், கடன் கொடுத்தவனுக்கு அஞ்சி ஒளியும் குடும்பம் ஆகிய எல்லாம் வசனத்தை நோக்கிக் கேள்விகளை எழுப்புகின்றன. போப்பு பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட ஊக்கவுரையில் மறையுரை ஆயத்தத்திற்கு நீண்ட பகுதியை ஒதுக்கி, போதகர் வேதவசனத்தை மட்டுமல்ல, ஜனங்களையும் உற்றுக்கேட்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கற்சூளையில் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்களை ஊழியர்கள் இன்றும் சந்திக்கிறார்கள். அந்தக் குடும்பம் அமர்ந்திருக்கும் சபையில் ‘விடுதலை’ என்னும் சொல்லை வெறும் உருவகமாக மட்டும் பேசிவிட முடியாது. அதே சபையில் பணத்தை வட்டிக்குக் கொடுப்பவரும் அமர்ந்திருக்கக்கூடும். அவருக்கும் அந்த வசனம் ஒன்றைச் சொல்கிறது. நாசரேத்தாரின் கோபம் எழும் இடம் இதுவே. கேட்போர் மனம் நோகாதபடி வசனத்தின் கூர்மையை மழுங்கச்செய்வதும், தமக்குப் பிடிக்காதவர்மேல் அதை வேண்டுமென்று எறிவதும் இருவகைத் துரோகங்கள். வசனத்தை அதன் முழு நீளத்துக்கும் பேசவிட்டால், அது யாரைத் தொடவேண்டுமோ அவரைத் தொடும். முதலில் பிரசங்கியாரையே தொடும்.

குடியரசு தினத்தை என்ன செய்வது? பாடங்களை ஒதுக்கிவிட்டுத் தேசபக்திச் சொற்பொழிவு ஆற்றுவது ஒரு தவறு. அப்படி ஒரு நாளே இல்லாததுபோல் பேசுவது மற்றொரு தவறு. வசனமே வழிகாட்டுகிறது. எருசலேமில் பிரமாணம் ஆசாரியரின் கையிலேயே இருந்துவிடவில்லை. ஸ்திரீகளும் கேட்டு அறியும்படி வீதியில் வாசிக்கப்பட்டது. பொதுவில் வாசிக்கப்பட்டு, எல்லாருக்கும் விளங்கி, ஏழைக்குப் பங்கு அனுப்புவதில் முடிவதே நல்ல பிரமாணத்தின் அடையாளம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் வேதாகமம் அன்று. அதைத் தேவனுடைய பிரமாணத்தோடு சமப்படுத்தலாகாது. எனினும் நீதியையும் சமத்துவத்தையும் முகவுரையிலேயே அறிக்கையிடும் தேசத்துக்காக ஜெபிக்கவும், அந்த வாக்குறுதி கடைசி மனிதனையும் சென்றடைய உழைக்கவும் சபையை அழைக்க அன்றைய பாடங்களே போதுமானவை.

8. ஐந்தாம் படி: ஒரே வாக்கியம்

வியாழக்கிழமைக்குள் முழுப் பிரசங்கத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். எழுத முடியாவிட்டால் பிரசங்கம் இன்னும் ஆயத்தமாகவில்லை. மேற்கண்ட ஞாயிற்றுக்கு அந்த வாக்கியம் இப்படி அமையலாம்: வேதம் வாசிக்கப்படும் இன்றே தேவன் தம் ஜனத்தை விடுவிக்கிறார், அந்த விடுதலை வெறுங்கையாய் இருப்பவர்களை முதலில் தேடிச் செல்கிறது.

இதன்பின் வரும் ஒவ்வொரு பத்தியையும் இந்த வாக்கியத்தின்முன் நிறுத்திச் சோதிக்க வேண்டும். இதற்கு உதவாத உவமை எத்தனை அழகாயிருந்தாலும் விலகவேண்டும். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று தலைப்புகளைத் தேடி அலைவதில் பலருடைய வெள்ளிக்கிழமை கழிகிறது. பகுதியில் இரண்டே கருத்துகள் இருந்தால் மூன்றாவதைச் செய்துவைக்க வேண்டியதில்லை. உண்மை என்று உறுதிப்படாத சம்பவங்களை நடந்தவைபோல் சொல்வதும் ஆகாது. சத்தியத்தை விளக்கப் பொய் துணையாக முடியாது. வீட்டுச் சந்திப்பில் நம்பிக்கையோடு சொல்லப்பட்ட இரகசியத்தையும், பெயரை மறைத்தாலும், உதாரணமாக்கலாகாது. சிறிய ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரியும்.

வெள்ளிக்கிழமை எழுதி, சனிக்கிழமை சுருக்க வேண்டும். எழுதியதை வாய்விட்டு வாசித்து, மூச்சுத் திணறும் வாக்கியங்களைப் பிரித்தெழுத வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தாய் முதல் வரிசையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப்பார்ப்பது நல்லது. கூலி வேலைக்கோ அலுவலகத்துக்கோ சென்றுகொண்டே ஊழியம் செய்பவர்களுக்கு இத்தனை நாட்கள் கிடைப்பது அரிது. அவர்கள் திங்கட்கிழமை பகுதியை வாசித்து மனதில் இருத்திக்கொண்டால், பேருந்திலும் வயல் வரப்பிலும் அது தானே வேலைசெய்யும். நேரம் குறையலாம், கேட்பது குறையலாகாது. ஆயத்தக் குறிப்புகளைப் பாதுகாப்பதும் அவசியம். மூன்று ஆண்டுச் சுற்றில் இதே பாடங்கள் மீண்டும் வருகின்றன. மேற்கண்ட பகுதிகளின் முறை 2028 ஜனவரி 23-இல் திரும்பும். அப்போது பழைய பிரசங்கத்தை அப்படியே எடுத்துப் பேசாமல், இடைப்பட்ட காலத்தில் வசனம் கற்பித்ததைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

9. பிரசங்கியாரே முதலில் கேட்பவர்

மறுநாள் பிதாக்களின் வம்சத்தலைவர்கள் வேதத்தை இன்னும் அறிந்துகொள்ள எஸ்றாவினிடத்தில் கூடிவந்தார்கள் (நெகேமியா 8:13). கூடாரப்பண்டிகையைப்பற்றி எழுதியிருக்கக் கண்டு, ஜனங்களோடுகூட ஒலிவ இலைகளையும் பேரீச்ச ஓலைகளையும் கொண்டுவந்து கூடாரங்களைப் போட்டார்கள். முந்தின நாள் கேட்டது மறுநாள் கையிலும் காலிலும் வேலைசெய்தது. பிரசங்கம் நன்றாயிருந்ததா என்பதை ஞாயிறு மத்தியானத்தின் பாராட்டு தீர்மானிப்பதில்லை, திங்கட்கிழமையே தீர்மானிக்கிறது.

வேதபாடங்களிலிருந்து பிரசங்கிக்க ஆயத்தமாகும் ஒவ்வொருவரும் சனிக்கிழமை இரவில் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் சில:

• இந்தப் பிரசங்கத்தை வேறொரு வேதபகுதியை வாசித்துவிட்டும் இப்படியே பேச முடியுமா? முடியுமானால் இன்றைய பகுதி இன்னும் விளக்கப்படவில்லை.

• பகுதியில் உள்ள எந்த வார்த்தையைக் கண்டு மனம் பின்வாங்கியது? அதைப் பிரசங்கத்தில் சேர்த்திருக்கிறதா, தவிர்த்திருக்கிறதா?

• சபையில் யாரையாவது மனதில் வைத்து எழுதப்பட்ட வரி ஏதேனும் உண்டா?

• வாசிக்கத் தெரியாதவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க ஒரே செய்தி இதில் இருக்கிறதா?

• இந்த வாரத்தில் வசனம் பிரசங்கியாரிடம் எதைக் கேட்டது? அதற்கு அவர் கீழ்ப்படிந்தாரா?

இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டபின் விளக்கை அணைத்து ஜெபத்தில் அமரலாம். ஆயத்தம் செய்யப்பட்ட பிரசங்கத்தையும் ஆயத்தம் செய்தவரையும் கர்த்தருடைய கரத்தில் ஒப்புக்கொடுப்பதே கடைசிப் படி. அன்று எருசலேமின் வீதியில் ஜனங்கள் எஸ்றாவின் திறமையைப் புகழ்ந்துகொண்டு கலைந்ததாக எழுதப்படவில்லை. சொல்லப்பட்டது தங்களுக்கு விளங்கிற்று என்று மகிழ்ந்து, இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பப் புறப்பட்டார்கள். இந்த ஞாயிற்றிலும் சபையார் அப்படியே புறப்பட்டுப் போவார்களானால், பீடத்தில் நின்றவர் யார் என்பது மறந்துபோனாலும் குறைவில்லை.